மூன்றாம் நம்பர் பேரிங்

கம்பம்மெட்டு ரோட்டில் பாதி மலை ஏறியிருந்தோம். ஒரு வளைவை ஒடித்துத் திருப்பியதும் என்ஜினுக்குள்ளிருந்து அந்தச் சத்தம் வந்தது. டொக், டொக், டொக். ஆக்சிலேட்டரை மிதித்தால் வேகமாக, காலை எடுத்தால் மெதுவாக. எனக்கு அது புதுச் சத்தம் இல்லை. ஒன்பது மாதத்துக்குள் மூன்றாவது தடவையாகக் கேட்கிறேன்.

ஜீப்பை மலைப்பக்கமாக ஒதுக்கி என்ஜினை அணைத்தேன். பின்னால் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிற பெண்கள் பதினோரு பேர். சோற்று வாளியும் பிளாஸ்டிக் கோட்டும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். யாரும் அசையவில்லை.

“என்னாக்கா, மறுபடியுமா?” என்று ஒருத்தி கேட்டாள்.

“மறுபடியுந்தான். எறங்குங்க.”

சாரல் விழுந்துகொண்டிருந்தது. பின்னால் வந்த ஜீப்புகளைக் கைகாட்டி நிறுத்தி, இரண்டு பேர் மூன்று பேராக எல்லாரையும் ஏற்றிவிட்டேன். எங்கள் ஸ்டாண்டு வண்டிகள்தான். கடைசியாக நின்ற டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான்.

“யாரு ஓட்டுறாகன்னு வண்டிக்குத் தெரியுதுல்ல?” என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போனான்.

சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, கட்டி இழுத்துப்போக வண்டி வரும்வரை தனியாக உட்கார்ந்திருந்தேன். அழுகை வரவில்லை. கோபம் மட்டும் இருந்தது. அதுவும் அந்த டிரைவர் மேல் இல்லை. என் வண்டிக்குள் ஏதோ ஒன்று திரும்பத் திரும்ப நடக்கிறது, அது என்னவென்று யாரும் கேட்கவே இல்லையே என்கிற கோபம்.

அந்த ஜீப்பை என் வீட்டுக்காரர் பதினாலு வருஷம் ஓட்டினார். டீசல் வண்டி, எங்கள் கல்யாணத்தைவிட வயது அதிகம். காலையில் கம்பத்திலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு கேரளத்துத் தோட்டங்களில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்பக் கூட்டிவர வேண்டும். அதுதான் எங்கள் பிழைப்பு. அவருக்கு முதுகில் தட்டு விலகி, தேனியில் ஆபரேஷன் செய்தார்கள். நடக்கலாம், உட்காரலாம், மலைரோட்டில் வண்டி மட்டும் ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

எனக்குக் கல்யாணத்துக்கு முன்பே லைசென்ஸ் உண்டு. அப்பாவின் திராட்சைத் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியவள் நான். அதனால் யாரிடமும் யோசனை கேட்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்தேன். ஸ்டாண்டில் ஆள் ஏற்றும் வரிசையில் முதல் மூன்று மாதம் எனக்குக் கடைசி டர்ன்தான் கொடுத்தார்கள். அதையும் ஓட்டினேன். தோட்டத்துப் பெண்கள் மெல்ல மெல்ல என் வண்டிக்காகக் காத்திருக்க ஆரம்பித்த பிறகுதான் முறைப்படி டர்ன் கிடைத்தது.

பேரிங் முதல் தடவை போனது என் தப்பு. அதை மறைக்க மாட்டேன். அவர் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் ஆயில் மாற்றும் தவணை தாண்டிப்போனதை நான் கவனிக்கவில்லை. ஆயில் கறுத்து, தண்ணீர் மாதிரி ஆகியிருந்தது. மூன்றாவது பிஸ்டனின் ராடு, என்ஜினுக்குள் சுற்றுகிற கிராங்க் என்ற இரும்புத் தண்டைப் பிடிக்கிற இடத்தில் இருக்கும் பேரிங் தேய்ந்து கிழிந்தது. பேரிங் என்றால் உருளை குண்டு எதுவும் கிடையாது. வளையலை இரண்டாக வெட்டியதுபோல இரண்டு மெல்லிய தகடு, அவ்வளவுதான். தகட்டுக்கும் கிராங்குக்கும் நடுவில் ஆயில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நின்றால் இரும்போடு இரும்பு உரசும். கிராங்க் கீறிவிட்டதால் தேனியில் ஒரு லேத்துப் பட்டறைக்கு அனுப்பிச் சாணை பிடித்து, புதுத் தகடு போட்டு மாட்டினார்கள்.

அடுத்த நாற்பதாவது நாள் அதே மூன்றாம் நம்பர் போனது. இந்தத் தடவை ஆயில் புதுசு. அளவும் சரி. ஆயில் பிரஷர் மீட்டர் முள் ஒருநாள்கூடக் கீழே இறங்கவில்லை. கடையில் கலப்பட ஆயிலைக் கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்து, ஆயில் கடைக்காரரிடம் போய்க் கூட்டம் கூடும்படி சண்டை போட்டேன். அவர் கோபப்படாமல், அதே ஆயிலைத்தான் தன் சொந்த லாரிகளுக்கும் ஊற்றுவதாகச் சொல்லி, பக்கத்தில் நின்ற லாரியின் ஆயில் அளவுக்கம்பியை உருவிக் காட்டினார். ஒரு வாரம் கழித்து நானே போய் மன்னிப்புக் கேட்டேன். காரணம் தெரியாமல் ஒருத்தர்மேல் பழி போடுவது எவ்வளவு சுலபம் என்று அன்றைக்குத் தெரிந்தது. என்மேல் அதைத்தான் எல்லாரும் செய்துகொண்டிருந்தார்கள்.

எங்கள் மெக்கானிக் கம்பம் பைபாஸ் பக்கம் பட்டறை வைத்திருக்கிறார். முப்பது வருஷமாக ஜீப் என்ஜின் மட்டுமே. கேரளத்திலிருந்தும் அவரைத் தேடி வருவார்கள். கெட்ட மனிதர் இல்லை. அவர் சொன்னதை யாரும் மறுத்துப் பேசிப் பழக்கமில்லை, அவ்வளவுதான். மூன்றாவது தடவை வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போனபோது, கீழே படுத்து ஆயில் சேம்பரைக் கழற்றி, மூன்றாம் நம்பர் தகடுகளை எடுத்து என் கையில் வைத்தார். சாம்பல் நிறப் பூச்சு போய்ச் செம்பு தெரிந்தது. ஓரம் சுருண்டிருந்தது.

“பாரு தங்கச்சி. டாப் கியருல மேட்டுல இழுக்குற. என்ஜின் தெணறுது. லோடு பூராம் பேரிங்குல எறங்குது. நான் எத்தன புதுசு போட்டாலும் நீ ஓட்டுற ஓட்டுக்கு நிக்காது.”

“மேட்டுல நான் செகண்டுக்கு மேல போறதே இல்லண்ணே.”

“எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாக.”

“சரி, நான் ஓட்டுறதுதான் தப்புன்னா நாலு பேரிங்கும்ல போயிருக்கணும்? மூணாம் நம்பர் மட்டும் உங்களுக்கு என்ன பாவம் பண்ணுச்சு?”

பட்டறையில் ஸ்பேனர் பிடித்துக்கொண்டிருந்த ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் துணியால் கையைத் துடைத்துக்கொண்டார்.

“ஒவ்வொரு என்ஜினுக்கும் பலகீனமான எடம்னு ஒண்ணு இருக்கும். ஒன் வண்டிக்கு அதுதான்.”

“அப்ப அந்தப் பலகீனம் எதுனால வந்துச்சுன்னு பாருங்க. பாக்காம புதுத் தகடு போடாதீக.”

“பிரஷர் சரியா இருக்கு. கிராங்குல ஆயில் போற ஓட்டைல கம்ப்ரசர் வச்சு ஊதிட்டேன். நாலுலயும் காத்து வருது. இதுக்கு மேல என்னாத்தப் பாக்க? நம்பிக்க இல்லாட்டி வேற எங்கிட்டாச்சும் கொண்டு போ.”

“கழட்டிக் குடுங்க. கொண்டு போறேன்.”

நான் அப்படிச் சொல்வேன் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் சொன்ன பிறகு பின்வாங்க மனசு வரவில்லை. இரண்டு நாளில் என்ஜினை இறக்கி, கிராங்கையும் நாலு ராடையும் பழைய சாக்கில் சுற்றிக் கொடுத்தார். மற்றதெல்லாம் பட்டறை மூலையில் கிடந்தது. லோடு ஆட்டோவில் சாக்கை ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

அன்று சாயங்காலமே என் கொழுந்தனார் வந்துவிட்டார். யாரோ தகவல் சொல்லியிருக்கிறார்கள். வாசலில் கிடந்த கிராங்கைப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“மதினி, நான் சொல்றதக் கேளுங்க. தேவதானப்பட்டியில ஒருத்தரு பழைய வண்டி எடுக்குறாரு. இரும்புக் கடைக்குப் போறதுக்குள்ள தள்ளிவிட்டுருவோம். நீங்க வீட்ல இருந்து அண்ணனப் பாத்துக்கிட்டாப் போதும்.”

“அண்ணன அண்ணனே பாத்துக்கிருவாரு” என்றேன்.

என் வீட்டுக்காரர் பக்கத்தில்தான் இருந்தார். முதுகு நேராக இருக்க வேண்டும் என்பதற்காக வாங்கிய உயரமான மரநாற்காலியில். அவர் சிரித்தார். சிரித்தால் முதுகு வலிக்கும் என்பதால் அடக்கிக்கொண்டு சிரித்தார்.

“அவ சொல்றது சரிதான்டா. எனக்கு என்ன, கையா இல்ல காலா இல்ல? வண்டிய விக்கிற பேச்ச விடு” என்று தம்பியிடம் சொன்னார்.

“அதுக்கில்லண்ணே. ஊரே பேசுது.”

“ஊருக்கு ராடு பேரிங் தெரியுமா?” என்று நான் கேட்டேன். அவர் டீ குடித்துவிட்டுப் போனார். கோபித்துக்கொண்டுதான் போனார்.

முதல் தடவை பேரிங் போனபோதே கழற்றிய தகடுகளை நான் மெக்கானிக்கிடம் கேட்டு வாங்கிவந்திருந்தேன். என்ன உடைந்தது என்று தெரிந்துகொள்ளத்தான். இரண்டாவது தடவையும் வாங்கினேன். எல்லாம் ஒரு டிபன் பாக்ஸில் கிடந்தன. இப்போது மூன்றாவது செட்டும் வந்துவிட்டது. வாசலில் பேப்பரை விரித்து மூன்று செட்டையும் வரிசையாக அடுக்கினேன். ஒரு செட்டுக்கு எட்டுத் தகடு. ஒன்று, இரண்டு, நாலாம் நம்பர் தகடுகள் முகம் பார்க்கிற மாதிரி வழவழப்பாக இருந்தன. முதல் செட்டில் மட்டும் எல்லாமே கொஞ்சம் தேய்ந்திருந்தன. மூன்றாம் நம்பர் மூன்று செட்டிலும் கிழிந்து கிடந்தது.

என் வீட்டுக்காரரும் நானும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

“மொதத் தடவ ஆயில் கெட்டதுனால எல்லாம் தேஞ்சிருக்கு. அது கணக்கு சரி. பெறகு ரெண்டு தடவ மூணு மட்டுந்தான் பட்டினி கெடந்துருக்கு” என்றார் அவர்.

“பட்டினி கெடந்தா வழியில எங்கயோ அடைப்புன்னுதான அர்த்தம்?”

“அடைப்புன்னா காத்து எப்படி வரும்?”

அங்கேதான் முட்டிக்கொண்டு நின்றோம். சைக்கிள் பம்ப்பை வைத்து நானே ஊதிப் பார்த்தேன். கிராங்குக்குள் சாய்வாக ஒரு துளை போகிறது. ஒரு பக்கம் ஆயில் நுழைந்து மறுபக்கம் ராடு உட்காரும் இடத்தில் வெளியே வரும். நாலு இடத்திலும் கையை வைத்துப் பார்த்தேன். நாலிலும் காற்று வந்தது. மெக்கானிக் பொய் சொல்லவில்லை.

மூன்று நாள் இப்படியே போனது. நாலாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. என் வண்டியில் வருகிற பெண்களில் ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். என் வயதுதான் இருக்கும். ஏலச்செடிக்கு மருந்தடிக்கிற வேலை அவளுக்கு. ஆம்பளைகள் மட்டும் செய்த வேலையைக் கங்காணியிடம் வாதாடி வாங்கியவள். வேறு ஜீப்புகளில் அவளுக்குப் பின்படியில்தான் இடம் கிடைக்கிறதாம்.

“எப்பக்கா வண்டி வரும்? தொங்கிக்கிட்டுப் போயி கை விட்டுப்போச்சு” என்று கேட்டபடியே என் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தாள். நான் பம்ப் அடித்துக்கொண்டிருந்தேன்.

“என்னாக்கா பண்ற?”

“இந்த ஓட்டைல அடைப்பு இருக்கான்னு பாக்குறேன். நாலுலயும் காத்து வருது. ஆனா மூணுல மட்டும் ஆயில் பத்தல.”

அவள் கிராங்கை ஒரு பார்வை பார்த்தாள்.

“காத்து வரத்தான் செய்யும். எங்க மருந்தடிக்கிற நாசில்ல அழுக்கு அடைச்சுக்கிட்டா வாய வச்சு ஊதிப் பாப்போம். காத்து ஜோரா வரும். சரி, நல்லாருக்குன்னு மாட்டி மருந்த விட்டா ஒழுகும், அடிக்காது. காத்துக்கு ஊசி முன அளவு சந்து போதும்க்கா. தண்ணிய விட்டுப் பாரு.”

நான் பம்ப்பைக் கீழே வைத்தேன். என் வீட்டுக்காரர் நாற்காலியிலிருந்து அவளையே பார்த்தார். முப்பது வருஷ அனுபவக்காரரும், பதினாலு வருஷம் ஓட்டியவரும், டிராக்டர் ஓட்டிய நானும் யோசிக்காத விஷயம் அது.

“ஒன் ஸ்பிரேயரு வீட்லயா இருக்கு?” என்று கேட்டேன்.

“எனக்குன்னு ஒண்ணு வச்சிருக்கேன். எடுத்தாரேன்.”

அரைமணி நேரத்தில் கைப்பம்பு ஸ்பிரேயரோடு வந்தாள். நன்றாகக் கழுவி, அதில் டீசலை ஊற்றினோம். நாசிலைக் கழற்றிவிட்டு, குழாய் முனையில் ஒரு ரப்பர் வாஷரை மாட்டி, ஆயில் நுழைகிற ஓட்டையில் வைத்து நான் அழுத்திப் பிடித்தேன். அவள் பம்ப் அடித்தாள்.

ஒன்றாம் நம்பரிலிருந்து டீசல் சீறிக்கொண்டு போய் காம்பவுண்டுச் சுவரில் அடித்தது. இரண்டும் சுவரில் அடித்தது. மூன்றை விட்டுவிட்டு நாலுக்குப் போனோம். அதுவும் சுவரில்தான். பிறகு மூன்றுக்கு வந்தோம். அவள் பம்ப் அடித்தாள். ஓட்டை விளிம்பில் டீசல் கோத்து நின்று, வழிந்து, என் காலடியில் சொட்டியது.

“இன்னும் அழுத்தி அடி.”

“அடிக்கத்தான்க்கா செய்றேன்.”

சொட்டியது, அவ்வளவுதான். வரிசையை மாற்றி மூன்று தடவை செய்து பார்த்தோம். மூன்று தடவையும் அப்படியே. என் வீட்டுக்காரர் நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்து, மெல்ல நடந்து வந்து, சுவரில் இருந்த மூன்று ஈரத்தையும் என் காலடியில் இருந்த ஈரத்தையும் பார்த்தார். டாப் கியர், பொம்பளை ஓட்டு, பலகீனமான இடம் என்று ஒன்பது மாதமாகக் கேட்டதெல்லாம் அந்தச் சொட்டில் முடிந்துபோனது.

மறுநாள் அவள் வேலைக்குப் போகவில்லை. “நானும் வாரேன்” என்றாள். கிராங்கையும் ராடுகளையும் சாக்கில் சுற்றி, இரண்டு பேருமாகத் தூக்கித் தேனி பஸ்ஸில் ஏற்றினோம். கண்டக்டர் காலால் நகர்த்திப் பார்த்தார். நகரவில்லை.

“என்னத்தா இது, இந்தக் கனம் கனக்குது?”

“வைத்தியத்துக்குக் கொண்டு போறோம்” என்றாள் அவள்.

வீரபாண்டி தாண்டும்போது அவள் கோயில் பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நான் சாக்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

லேத்துப் பட்டறைக்காரர் கிராங்கைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். மைக்ரோமீட்டரை எடுத்து மூன்றாம் நம்பரை அளந்து எங்களிடம் காட்டினார்.

“சாணை பிடிச்சதுல ஒரு நூல் குத்தம் சொல்ல முடியாது. பாத்துக்கங்க.”

“அளவு சரியாத்தான் இருக்குங்க. நான் கொற சொல்லல. உள்ள இருக்குற ஆயில் வழியப் பாக்கணும். வெளிப்பக்கம் அந்த வழிய மூட ஒரு இரும்பு அடைப்பு அடிச்சிருக்குல்ல, அதக் கழட்டுங்க.”

“அத யாரும் கழட்ட மாட்டாக. கம்பெனியில அடிச்சது. கழட்டப் போயி கிராங்க் வீணாப் போச்சுன்னா நான் பொறுப்பில்ல.”

“நான் பொறுப்பு.”

“வாயில சொன்னாப் பத்தாதும்மா. எழுதிக் குடுங்க.”

அதோடு நான் பின்வாங்கிவிடுவேன் என்று அவர் நினைத்தார். நான் பேப்பரும் பேனாவும் கேட்டேன். ‘என் வண்டியின் கிராங்கில் உள்ள அடைப்பை நான் சொல்லித்தான் கழற்றுகிறார்கள். சேதமானால் நானே பொறுப்பு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சாட்சி என்று அடியில் அவளும் கையெழுத்துப் போட்டாள். அதை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்ட பிறகு அவருக்கு வேறு வழியில்லை.

டிரில் மெஷினில் கிராங்கை ஏற்றி, அடைப்பின் நடுவில் துளை போட்டு, திருகி இழுத்தார். உள்ளே வழி தெரியவில்லை. கறுப்பும் சாம்பலுமாக ஏதோ இறுகிக்கிடந்தது. நீளமான கம்பியை விட்டுக் குத்தினார். இறங்கவில்லை. மறுபடி குத்தித் திருகியதும், விரல் நீளத்துக்கு ஒரு கட்டி உடைந்து அவர் கையில் விழுந்தது. அதன் ஒரு ஓரத்தில் மட்டும் மெல்லிய சந்து இருந்தது. காற்று வந்த சந்து.

அவர் அதை உள்ளங்கையில் வைத்து நசுக்கினார். செம்புத் துகள் மினுங்கியது. விரலால் தேய்த்துப் பார்த்தார்.

“இது நம்ம சாணைக்கல்லுத் தூளுல்ல?” என்று தன்னையறியாமல் சொல்லிவிட்டார்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. எனக்குக் கணக்கு புரிந்துவிட்டது. முதல் தடவை என் கவனக்குறைவால் பேரிங் கிழிந்தபோது உதிர்ந்த துகள் அந்த வழிக்குள் போய்த் தங்கியிருக்கிறது. அதைச் சுத்தம் செய்யாமல் சாணை பிடித்ததில் கல்தூளும் சேர்ந்து, ஆயிலில் ஊறி இறுகிவிட்டது. சமதளத்தில் ஓடும்போது வழிந்து வருகிற ஆயில் போதும். ஆள் ஏற்றி மலை ஏறும்போது போதாது. மூன்றாம் நம்பர் செத்துப்போகும். நாங்கள் தகட்டை மட்டும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தோம்.

லேத்துப் பட்டறைக்காரர், ஓடிக்கொண்டிருந்த இன்னொரு மெஷினை நிறுத்தச் சொன்னார். மற்ற மூன்று அடைப்புகளையும் அவரே கழற்றி, நாலு வழியையும் பிரஷ் போட்டு மண்ணெண்ணெயால் கழுவி, வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கி எங்களைப் பார்க்கச் சொன்னார். ஒவ்வொன்றிலும் மறுமுனை வட்டமாகத் தெரிந்தது. பிறகு மூன்றாம் நம்பரை இன்னும் ஒரு அளவு சாணை பிடித்து, ராடின் வட்டத்தையும் சரிபார்த்து, மறுபடி கழுவி, புதிய அடைப்புகளை அடித்துக் கொடுத்தார். நான் எழுதிக்கொடுத்த பேப்பரைப் பையிலிருந்து எடுத்துத் திருப்பித் தந்தார். மன்னிப்புக் கேட்கவில்லை. பேப்பரைத் தந்ததே போதும் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

கம்பத்துக்கு வந்ததும் நேராக மெக்கானிக் பட்டறைக்குத்தான் போனேன். ஸ்டாண்டு டிரைவர்கள் இரண்டு பேர் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். கட்டியின் மிச்சத்தைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்திருந்தேன். அவருடைய வேலைமேசையில் அதைப் பிரித்து வைத்தேன்.

அவர் குனிந்து பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“எங்கன இருந்துச்சு?”

“மூணாம் நம்பர் வழியில. அடைப்பக் கழட்டித்தான் எடுத்தோம்.”

“நானும் இப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்.”

“நெனச்சத ஏண்ணே சொல்லல? என் ஓட்டு சரியில்லன்னு மட்டும் ஸ்டாண்டு பூராம் சொன்னீகளே, இத ஏன் சொல்லல?”

டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் கிளாஸை வைத்துவிட்டார்கள். அவர் முகம் சிவந்தது. ஒரு பெண் தன் பட்டறையில் நின்று, இரண்டு பேர் பார்க்க, இப்படிக் கேட்பது அவருக்குப் பிடிக்கவில்லை. எனக்கும் அவரை அவமானப்படுத்துகிற ஆசை இல்லை. ஆனால் பழி சொன்னது பத்துப் பேர் கேட்க, அது தீர்வது மட்டும் காதோடு காதாகவா? அப்படி விட எனக்கு மனமில்லை. அசையாமல் நின்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “நாளைக்குக் காலையில வா. ஏத்திருவோம்” என்றார்.

“பக்கத்துல நின்னு பாப்பேன்.”

“நில்லு. யாரு வேண்டாமுன்னா?”

மறுநாள் நின்றேன். புதுத் தகடு போடுமுன் ஆயில் வழிகளில் டீசல் விட்டுக் காட்டச் சொன்னேன். முணுமுணுத்தார், ஆனால் செய்தார். ஒவ்வொரு போல்ட்டையும் அளவு வைத்து முறுக்கினார். அவர் வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. மூன்றாம் நம்பரை முறுக்கி முடித்து, கிராங்கைக் கையால் சுற்றிப் பார்த்தபோது, என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்:

“இத்தன வருஷமா நான் காத்து ஊதித்தான் தங்கச்சி பாத்துருக்கேன். எத்தன வண்டிக்காரன நீ ஓட்டுறது சரியில்லன்னு அனுப்பிச்சேனோ.”

“இனிமே அனுப்பாதீகண்ணே” என்றேன். தலையாட்டினார்.

என்ஜினைப் பழக்குவதற்காகக் கொஞ்ச நாள் ஆள் ஏற்றாமல் கூடலூர் வரை, லோயர் கேம்ப் வரை என்று ஓட்டினேன். சூடான ஆயிலை வடித்துத் துணியில் ஊற்றிப் பார்த்தேன். மினுக்கம் எதுவும் இல்லை. பிறகு பாதி ஆள் ஏற்றி மலை ஏறினேன். அப்புறம்தான் என் பழைய டர்னைக் கேட்டு ஸ்டாண்டுக்குப் போனேன்.

ஸ்டாண்டுத் தலைவர் பெரியவர். நல்லவிதமாகத்தான் பேசினார்.

“இன்னும் கொஞ்ச நாளு போகட்டும் ஆத்தா. ஆளுகள ஏத்திக்கிட்டுப் போயி நடுமலையில எறக்கிவிட்டா ஸ்டாண்டுக்குத்தான் கெட்ட பேரு.”

“எறக்கிவிட்டது நெசந்தான். மூணு தடவ எறக்கிவிட்டேன். மொதத் தடவ என் தப்பு. அடுத்த ரெண்டுக்கும் காரணத்தக் கண்டுபிடிச்சு எடுத்தாச்சு. இங்க நிக்கிற வண்டிகள்ல வேற எதுக்காச்சும் உள்ள இருக்குற ஆயில் வழியப் பாத்துருக்கீகளா? என் வண்டிக்குப் பாத்துருக்கு. என் டர்ன் எனக்கு வேணும்.”

அவர் பதில் சொல்வதற்குள் பின்கதவு திறக்கிற சத்தம் கேட்டது. நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே பெண்கள் என் ஜீப்பில் ஏற ஆரம்பித்திருந்தார்கள். ஸ்பிரேயர்காரி முன்சீட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

“எறங்குங்கம்மா, அது இன்னைக்கு டர்ன் இல்ல” என்று ஒரு டிரைவர் கத்தினான்.

“எங்களுக்கு இதுதான் டர்னு. நீ ஒன் வண்டிய எடு” என்று உள்ளேயிருந்து யாரோ சொன்னார்கள். பெரிய சிரிப்பு எழுந்தது. தலைவர் கையை விரித்தார்.

“போயிட்டு வா ஆத்தா” என்றார்.

அன்று காற்று பலமாக இருந்தது. வாழைத்தோட்டங்களைத் தாண்டி மலையடிவாரம் வந்ததும் செகண்ட் கியரில் போட்டு, ஒரே சீராக ஏற்றினேன். பின்னால் பேச்சும் சிரிப்புமாக இருந்தது. என் காது என்ஜினில்தான் இருந்தது. பாதி மலையில் அவர்கள் பேச்சும் தானாக நின்றுவிட்டது. எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். டீசல் என்ஜினின் உறுமல் மட்டும்தான். வேறு சத்தம் இல்லை. கொஞ்ச தூரம் போன பிறகு யாரோ மறுபடி பேச ஆரம்பித்தார்கள்.

செக்போஸ்ட்டைத் தாண்டித் தோட்டத்து வாசலில் இறக்கிவிட்டேன். வாளிகளைத் தூக்கிக்கொண்டு ஏலச்செடிகளுக்குள் இறங்கிப் போனார்கள். நான் பானெட்டைத் திறந்து அளவுக்கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்த்தேன். ஆயில் சரியாக இருந்தது. கீழே இன்னும் ஒரு தோட்டத்து ஆட்கள் காத்துக்கொண்டிருப்பார்கள் என்று தெரியும். பானெட்டை மூடி, வண்டியைத் திருப்பினேன்.